மூன்று கிலோ அழுத்தம்

பூமிநாதன் தம் மகன் தங்கச்சாமியைக் காரைக்குடிக்கு, டாக்டர் தேனப்பனிடம் கூட்டிவந்தது ஒரு காகிதத்துக்காக. வலி, வைத்தியம் எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

குன்றக்குடிக்குத் தெற்கே அவர்கள் ஊர். அம்மன் சப்பரத்தின் முன்கொம்பை வலது தோளில் தாங்குவது ஐந்து தலைமுறையாக அவர் வீட்டு உரிமை. போன வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், பாதித் தெருவில் தங்கச்சாமி தள்ளாடிக் கொம்பை நழுவவிட்டான். சப்பரம் சாய்ந்து அம்மன் மாலை மண்ணில் விழுந்தது. பையன் குடித்திருக்கிறான் என்று பங்காளி செம்மலை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டான். குடித்துவிட்டுக் கொம்பைத் தொட்டவன் வீட்டுக்கு அந்த உரிமை பிறகு கிடையாது. அது ஊர்க் கட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள், அது குடி இல்லை என்று படித்தவர் ஒருவர் எழுதித் தரவேண்டும்.

கழுத்து பிடித்துக்கொண்டு தலை சுற்றியது என்று தங்கச்சாமி சொன்னான். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். ஸ்பிரிங் தராசைத் தலைகீழாக்கி, முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் வைத்த கம்பி. எத்தனை கிலோ அழுத்துகிறோம் என்று ஒரு முள் காட்டும். கம்பி சதைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்தில் ஓர் அளவுகோல் காட்டும். தாமே கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்ததாம். சதை இளகியிருந்தால் கம்பி இறங்கும், இறுகியிருந்தால் இறங்காது என்றார்.

வலது தோளில் மூன்று கிலோ அழுத்தினார். எட்டு மில்லிமீட்டர் இறங்கியது. தங்கச்சாமி சும்மா உட்கார்ந்திருந்தான். டாக்டர் இடது பக்கம் திரும்பியதும் பூமிநாதனுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க வீட்டுல சாமி தூக்குறது வலது தோள்ல, டாக்டர். இடது தோளை எதுக்குப் பாக்குறீக?”

“ரெண்டையும் பாத்தாத்தானே பெரியவரே, எது கெட்டிருக்குன்னு தெரியும்?”

இடது தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் டாக்டர் முதலில் விரலால் தடவினார். தோலுக்கு அடியில் கயிறுபோல ஒன்று ஓடியது. அதன் நடுவில் இருந்த முடிச்சைச் சுண்டியதும், தங்கச்சாமி அசையாமல் இருக்க, அந்தச் சதை மட்டும் தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி ஒருமுறை துள்ளியது. பூமிநாதன் கண்ணால் பார்த்தார். இது நடிக்க முடியாதது என்றார் டாக்டர். பிறகு கம்பியை வைத்தார். ஒன்றரைக் கிலோவிலேயே தங்கச்சாமியின் நெற்றி வேர்த்தது. மூன்று கிலோவில் கம்பி மூன்று மில்லிமீட்டர்கூட முழுதாக இறங்கவில்லை. காது ஓரமாகக் கழுத்தில் இன்னொரு முடிச்சை அழுத்தியதும் அவனுக்குத் தலை சுற்றி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

குடி இல்லை. பூமிநாதனுக்கு மூச்சு வந்தது. ஐந்து தலைமுறைச் சுமை, இறுகத்தான் செய்யும் என்றார் பெருமையாக.

டாக்டர் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சாமி வருசத்துக்கு ஒரு நாள், அதுவும் வலது தோள்ல. இது தினமும் சுமக்கிற தோள். அரிசி மண்டியில மூட்டை தூக்குறவுக பதினாலு பேரை அளந்து வச்சிருக்கேன். வலது கையில கொக்கி, இடது தோள்ல மூட்டை. அத்தனை பேருக்கும் இதே இடம், இதே அளவு.”

பூமிநாதன் சிரிக்கப் பார்த்தார். மகன் மண்டியில் எழுத்து வேலை பார்க்கிறான் என்று சொல்ல வாயெடுத்தார். தங்கச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக இவன் ஏன் ஊருணியில் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டே வீட்டுக்கு வருகிறான்? அந்தச் சட்டைப் பையில் ஒரு நாளாவது மசிக்கறை இருந்ததா? ஊர் முழுக்க, எழுத்து வேலை, எழுத்து வேலை என்று சொல்லித் திரிந்தாரே.

“கண்மாய் வத்துன வருசத்துலேருந்துதான், ஐயா,” என்றான் தங்கச்சாமி. “எழுத்துக்கு ஆள் வேணாமுன்னாக. மூட்டைக்கு வேணுமுன்னாக.”

டாக்டர், ஒரு மாதம் சுமை தொடக்கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அளவுகளின் கீழே, தினமும் மூட்டை தூக்குவதால் வந்தது என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடும்படி பூமிநாதன் கேட்டார். அவர் ஒருவரிடம் முதன்முதலாகக் கெஞ்சியது அன்றுதான். டாக்டர் மறுத்துவிட்டார். மற்ற பதினாலு பேர் அளவோடு ஒத்துப்போவதுதான் சாட்சி. காரணத்தை எடுத்துவிட்டால் வெறும் எண்தான் மிஞ்சும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. செம்மலை முன்வரிசையில் இருந்தான்.

“எழுத்து வேலை பாக்குற மகனுக்கு எழுதியே வாங்கியாந்துட்டீகளாண்ணே? வாசிங்க, கேப்போம்.”

பூமிநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடி வாசித்தார். வலது எட்டு, இடது மூன்றுக்கும் குறைவு, அழுத்தினால் தலைசுற்றல். காகிதத்தை அதோடு மடித்திருக்கலாம். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மகனைப் பார்த்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு திரும்பி அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரியையும் சத்தமாக வாசித்தார்.

செம்மலை கேட்டான்: “மூட்டையா? உங்க வீட்டுப் பிள்ளையா?”

“மூட்டைதான். குடிக்கலை.”

கோயில் பெரியவர் கருத்தையா காகிதத்தை வாங்கி, தாமும் ஒருமுறை வாசித்தார். கொம்பு இருந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் பூமிநாதனைச் சுற்றி நிற்பவர்களில் ஒருவரும் அன்று பக்கத்தில் வரவில்லை.

அவர் நிமிர்ந்த முதுகோடுதான் நடந்தார். ஊருணிக் கரையில் நின்றார். பின்னால் வந்த தங்கச்சாமியும் நின்றான்.

“அடுத்த மாசம் மண்டிக்குப் போனா, இதுல இறங்காத. சட்டை எப்படி இருந்தாலும் நேரா வீட்டுக்கு வா.”