தொண்டியில் ஒரு மாடி வீடு

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் யாருமே பார்த்திராத, ஆனால் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு மாடி வீடு இருந்தது. அது நின்றது கடலுக்கு அந்தப் பக்கம், தொண்டியில். சொந்தக்காரர், கல்முனைக் கடைத்தெருவில் பிடவைக் கடை வைத்திருந்த மீராசாஹிபு.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் தோளில் துணி மூட்டையோடு அவர் இங்கே வந்தபோது அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. அவர் "பேசுறேன்" என்றார். ஊர் "கதைக்கிறன்" என்றது. அவர் "ஆமாங்க" என்றார். பள்ளிவாசல் முற்றத்தில் நின்றவர்கள் அதையே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். "எங்க ஊர்ல நான் மாடி வீட்டுப் புள்ளைங்க" என்று சொல்லிவிட்டார். சிரிப்பு நின்றது. இத்தனை சீக்கிரம் எந்தக் கொத்தனாரும் மாடி கட்டியதில்லை.

அதன் பிறகு அவமானம் வரும்போதெல்லாம் வீடு வளர்ந்தது. றுகையாவை நிக்காஹ் முடித்து, இந்தக் கரையின் வழக்கப்படி அவளுடைய ஓட்டு வீட்டில் குடியேறிய அன்று, வாசலின் மூன்று படிக்குக் கீழே கழற்றிய செருப்பைப் பார்த்து யாரோ, "மாப்பிள, செருப்பாவது உங்கடயா?" என்றான். அந்த வாரம் மாடிப்படிகள் பர்மாத் தேக்காகிவிட்டன.

உண்மையில் தொண்டியில் அவருக்கிருந்தது, அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் பாதி. மறுபாதியில் ஆடு நின்றது. அந்த ஆட்டுக்கு இருந்த உரிமைகூட அவருக்கு அங்கே இல்லை.

பிறகு சட்டம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கேயே இருக்க விரும்பினால் குடியுரிமை எழுதிக் கேட்க வேண்டும். மீராசாஹிபு எழுதிக் கேட்டார். ஐம்பத்து மூன்றில் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, ஊர்த் தலைவரான விதானையார் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தார். சாட்சி சொல்ல றுகையா காக்கா என்று அழைக்கும் அண்ணன் பதியுதீனும், நற்பிட்டிமுனையிலிருந்து கடைக்கு வழக்கமாக வரும் வேளாண்மைக்காரர் சின்னப்போடியும் போனார்கள். இருவரும் சலவை வேட்டி, சாரனோடு, மீராசாஹிபுவின் பெருமையைத் தங்கள் தலையில் சுமந்து போனார்கள்.

"இவரை உங்களுக்குத் தெரியுமோ?" என்றார் அதிகாரி.

"நல்லாக் கேட்டீங்க! எங்கட மச்சான் லேசுப்பட்ட ஆளில்ல ஐயா. தொண்டியில மாடி வீடு. எல்லாம் பர்மாத் தேக்கு" என்றார் பதியுதீன்.

சின்னப்போடிக்குப் பொறுக்கவில்லை. "தென்னந்தோப்பும் இரிக்கி ஐயா. நூறு மரம்."

அந்தத் தோப்பு, சின்னப்போடி அந்த நிமிடத்தில் கொடுத்த அன்பளிப்பு.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "அங்கே இவ்வளவு சொத்து வைச்சிருக்கிற மனுசன் இங்கேயே கடைசிவரை இருப்பார் எண்டு நான் எப்பிடி எழுதிறது? நாளைக்கு அவரையே கூட்டிக்கொண்டு வாங்கோ. வீடு இல்லையெண்டால் உங்களுக்கு முன்னாலேயே சொல்லட்டும்."

பதியுதீன் மிகுந்த திருப்தியோடு கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். "ஐயா பேனய வெச்சிட்டுக் கேட்டார், மச்சான்! அவ்வளவு மரியாத!"

அன்று பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது றுகையா கறியைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "வீடு இல்லையெண்டு சொல்லிருங்க."

"என்ன பேச்சு இது?"

"கலியாணம் முடிச்ச வருசம் அந்த மாடிக்கு எத்தின படியெண்டு கேட்டன். பதினெட்டு எண்டீங்க. மறுகா ஒரு நாள் இருவத்தொண்டு. போன நோம்புக்குப் பன்னெண்டு. ஏறி இறங்கின காலுக்கு மறக்குமா?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "தெரிஞ்சிட்டு ஏன் கேக்காம இருந்தே?"

"இந்த ஊருல தலய நிமித்தி நிக்க ஒங்களுக்கு ஒரு வீடு தேவப்பட்டிச்சி. கட்டிட்டுப் போங்களன் எண்டு உட்டன். இப்ப இடிச்சிருங்க. ஒரு சொல்லுதானே."

மறுநாள் விதானையார் விறாந்தை நிறைந்திருந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டைக் கேட்டுக் கேட்டே பழகியவர்கள், அது அரசாங்கக் கடதாசியில் ஏறுவதைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"தொண்டியிலே உமக்கு வீடு இருக்குதோ?"

மீராசாஹிபு எழுந்தார். இல்லை என்பதற்கு மூன்றே எழுத்து. எதிரில் சின்னப்போடி, தானே நட்ட தோப்பைப் பார்க்கிறவர் போல மலர்ந்திருந்தார். பதியுதீன் அவர் தோளில் தட்டினார். "ஒளிக்காமச் சொல்லுங்க மச்சான். பெரிய மனிசருக்கு என்ன வெக்கம்?"

"அது... அப்படி ஒண்ணும் பெரிய வீடு இல்லீங்க" என்றார் மீராசாஹிபு.

உண்மையை அங்கிருந்து தொடங்கி மெல்ல இறங்கிவரத்தான் நினைத்தார். ஆனால் முதல் படியிலேயே கூட்டம் உருகிவிட்டது. "பாருங்க, என்ன பணிவு!" என்று பின்னால் ஒரு குரல். அதிகாரி எழுதிக்கொண்டார். மீராசாஹிபு உட்கார்ந்துவிட்டார்.

நான்கு மாதத்தில் மறுப்புக் கடிதமும், நாட்டைவிட்டுப் போகத் தவணையும் வந்தன. ஊர் உண்மையாகவே அழுதது. பதியுதீன் அழுகையினூடே, "ஒரு நாளைக்கு வந்து அந்த மாடியில காத்து வாங்குவம்" என்றார். மட்டக்களப்பு ரயிலுக்குப் புறப்படும் காலையில் றுகையா பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாறன். எந்த வீட்டுக்கெண்டு மட்டும் சொல்லுங்க."

அந்த ஒரு கேள்விக்கு, பத்தொன்பது வருடமாகக் கட்டிய வீட்டில் ஒரு செங்கல்கூட உதவிக்கு வரவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியே இறங்கினார்.

தொண்டியில் ஆடு இப்போது முழு அறையையும் எடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். தேநீர்க் கடையில் மீராசாஹிபு, ஆமாங்கவுக்குப் பதில், "ஓம்" என்றார், கடை சிரித்தது. "கதைக்கிறன்" என்றார், இன்னும் சிரித்தது.

"சிலோன்ல எனக்கு ஒரு வீடு இருக்குங்க" என்று அவர் சொன்னார். "ஓட்டு வீடு. முற்றத்துல ஒரு முருங்கை. கடல் சத்தம் கேக்கும்."

"மாடியும் உண்டா பாய்?" என்று கேட்டுவிட்டு ஒருவன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"இல்லைங்க."

"சும்மா சொல்லுங்க, காசா பணமா? எத்தனை படி?"

"வாசல்ல மூணு."

அடுத்த வாரமும் கேட்டார்கள், ஏதாவது கூடியிருக்கிறதா என்று பார்க்க. அதற்கடுத்த வருடமும் கேட்டார்கள். மூன்றுதான் என்றார். ஒருவரும் நம்பவில்லை.