ஃபிரிட்ஜுக்குப் பின்னால்

சலூன்காரர் வீட்டுக்கும் டயர் கடைக்காரர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். டயர் கடைக்காரர் வேறு யாருமில்லை, சலூன்காரர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்று தொடங்கிய தகராறில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது.

அந்த மழைக்காலத்தில் சலூன்காரரின் மகளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வாடிய கொடியாகத் தூக்கி வந்தார்கள்.

"எல்லாம் அந்த டயர்ல தேங்குற தண்ணிதான்! தங்கச்சி பெத்த பிள்ளைன்னு கூடப் பார்க்கலையே!" என்று சலூன்காரர் தெருவில் நின்று கத்தினார்.

டயர் கடைக்காரர் அன்றைக்கே எல்லா டயரையும் துடைத்துக் கொட்டகைக்குள் அடுக்கினார். ஆனாலும் இன்னும் இரண்டு வீடுகளில் காய்ச்சல் வந்தது.

கடைசி வீட்டு நர்ஸ் அக்கா எல்லாரையும் கூட்டினாள். "புகை அடிச்சா பறக்குற கொசுதான் சாகும். தண்ணில நெளியுற புழு சாகாது. வாராவாரம் நாமதான் தேடிக் கொட்டணும். ஒரே கண்டிஷன். நம்ம முதுகு நமக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு வீட்டையும் பக்கத்து வீட்டுக்காரங்கதான் பார்க்கணும்."

எல்லார் பார்வையும் அந்த இருவர் பக்கம் திரும்பியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்காரர் டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாண்ணே," என்றாள் தங்கை, புருஷன் முந்துவதற்குள்.

"நல்லாத் தேடச் சொல்லு. இங்க ஒரு சொட்டு தேங்காது," என்றார் சலூன்காரர், சுவரைப் பார்த்து.

தொட்டி மூடியிருந்தது. வாளிகள் கவிழ்ந்திருந்தன. கிளம்பப் போனவர், என்ன தோன்றியதோ, ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தார். பின்பக்கம் கீழே, பனி உருகி வடியும் தட்டில் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் துள்ளின. அதை ஒட்டித்தான் மகளின் பாய் விரித்திருந்தது.

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது மச்சான் கிழி கிழியென்று கிழிக்கப் போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ள," என்றார் டயர் கடைக்காரர். "என் வீட்லயும் இப்படி ஒரு ஃபிரிட்ஜ் நிக்குது. வந்து பாருங்க. எனக்கும் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் அதே புழுக்கள். இரண்டு தட்டுகளையும் இருவரும் சேர்ந்தே காய்ந்த மண்ணில் கொட்டித் தேய்த்துக் கழுவினார்கள். விஷயம் பரவியதும் தெருவே ஃபிரிட்ஜை நகர்த்தியது. பாதி வீட்டுக்காரர்கள் அசடு வழிந்தார்கள்.

அதன் பிறகு அந்த மழைக்காலம் முடியும்வரை தெருவில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. மகள் தேறிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

இப்போதெல்லாம் சலூனில் யார் சவரத்துக்கு உட்கார்ந்தாலும், கத்தி தாடைக்கு வந்ததும் சலூன்காரர் மெல்லக் கேட்கிறார்: "ஃபிரிட்ஜ் தட்டைப் பார்த்தீங்களா?"

அந்த நிலையில் யார் பொய் சொல்வார்கள்? பக்கத்துத் தெருவிலும் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.