பச்சைக் கவுன்காரி

ஞாயிறு தவறாமல் ரிவதாவியா பூங்காவுக்குப் போய்ப் பழைய பத்திரிகை வாங்கி வருவான் ருஃபினோ. எல்லாம் ஐம்பதுகளில் வந்த காதல் கதைகள். கதையை ஒரு வரி படிக்கமாட்டான், படத்தையே வெறித்துக்கொண்டிருப்பான் கிழவன். மூன்றாவது பத்திரிகையில்தான் அவன் பெண்டாட்டி எதெல்வினாவுக்கு மூக்கு வியர்த்தது. எல்லாப் படத்திலும் ஒரே பொம்பளை! பச்சைக் கவுன், கழுத்தோரம் மச்சம், எவனோ ஒருத்தன் தோளில் கை போட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகிதான். எதெல்வினாவின் வயிற்றெரிச்சலே அதுதான்.

அந்தப் பத்திரிகையின் அச்சகத்தில்தான் ருஃபினோ அப்போது வேலை பார்த்தான். விடுவாளா? நேரே பூங்காவுக்குப் போய்ப் பழைய பத்திரிகைக் கடைக்காரன் செல்சோவைப் பிடித்தாள்.

"யாருப்பா இவ?"

"எனக்கென்னம்மா தெரியும்? அந்தக் காலத்துல ஆபீஸ்ல கைக்கு ஆப்பட்டவங்களை நிக்கவச்சு போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைவாங்க. அங்க வேலை பார்த்தவளா இருக்கும்."

போதாதா! வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள். பதினோரு படத்திலும் அவளை மட்டும் கச்சிதமாக வெட்டி எடுத்தாள். ருஃபினோவின் துணிமணியைப் பெட்டியில் திணித்து வாசலில் வைத்தாள்.

கக்கத்தில் மாத்தே டீ ஃபிளாஸ்க்கோடு வந்தவன் பெட்டியைப் பார்த்து முழித்தான்.

"யோவ், எவ இவ? இப்பச் சொல்லு, இல்லேன்னா உன் தங்கச்சி வீட்டுக்கு நடையைக் கட்டு!" பதினோரு பச்சைக் கவுன்காரிகளையும் அவன் முன் விட்டெறிந்தாள்.

அவன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையில் கிடந்த மிச்சத்தைப் பதறிப்போய் அள்ளினான். ஓட்டை விழுந்த தாள்கள். ஒவ்வொன்றிலும் முகம் காட்டாமல் முதுகைக் காட்டி நின்றான் ஓர் ஆள். அவள் கை கிடந்த இடத்தில் அவன் தோளும் சேர்ந்து போயிருந்தது.

"தோளையும் வெட்டிட்டியேடி." ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினான். "அவ ஆபீஸ் டெலிபோன் போர்டுல உட்கார்ந்திருந்த பொண்ணு, பேரு கூட மறந்துபோச்சு. இது நான்."

எதெல்வினா தாளைப் பார்த்தாள். நேரான முதுகு, விடைத்த காது. கூன் விழுந்து நிற்கும் புருஷனைப் பார்த்தாள். அதே காது.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நாப்பது வருஷமா இந்த முதுகுப் பக்கம்தானே படுத்திருக்க. நீயே கண்டுபிடிப்பேன்னுதான் தினமும் படத்தை விரிச்சு வச்சேன்."