ஒரே தெளிப்பு மெர்வின்

உலகத்திலேயே மட்டமான மண் எங்களுடையதுதான். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. பக்கத்து மாவட்டத்துக்காரன் எவனாவது "எங்க மண்ணும் சுண்ணாம்புதான்" என்று சொன்னால் எங்கள் மதுக்கடையில் அவனுக்கு இடம் கிடைக்காது. எங்கள் மண்ணில் மாங்கனீஸ் சத்து இல்லாமல் இல்லை. கருமி வீட்டுப் பண்டம் மாதிரி, இருக்கும், பயிருக்குத்தான் கொடுக்காது. அதனால் அதைத் தண்ணீரில் கலந்து, தெளிப்பான் வண்டி ஓட்டி, இலை மேல் தெளித்து ஊட்டுகிறோம்.

இந்தப் பெருமைக்கெல்லாம் தலைவர் மெர்வின் நோஸ்கே. ஜூலையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் கையில் மைக் கிடைத்ததும் முழங்கினார்: "நேரம் பாத்து அடிச்சா ஒரே தெளிப்பு போதும்! ரெண்டாவது தடவ ஓட்டுறவன், முதல் தடவ தூங்கினவன்!" தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால் சீக்கிரமே கைதட்டிவிட்டோம்.

ஆகஸ்டில் எங்கள் ஊரே ஒரு பேருந்தில் ஏறி, ஒவ்வொருத்தர் வயலாகப் போய்க் குற்றம் கண்டுபிடித்து வரும். வண்டியோட்டி நான். எந்த வழியாகப் போவது என்று கேட்க மெர்வின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி எல்வா ஒரு பார்லிச் செடியை வேரோடு கொண்டுவந்து சாப்பாட்டு மேசை மேல் போட்டார்.

"கீழ் இல பச்சையா இருக்கு. மேல வந்த புது இலயப் பாரு, வெளுத்துப் போச்சு."

"அதான் அடிச்சோமே."

"அடிச்சப்ப இந்த இல பொறக்கவே இல்ல, மெர்வ். பழைய இல வாங்கினத தானே வச்சுக்கிச்சு. தழைச்சத்துன்னா செடி கீழேருந்து மேல கடத்திக்கும். இது நகராது. இன்னொரு தடவ ஓட்டியாகணும்."

"பைத்தியமா உனக்கு? அது ரோட்டோர வயல். ஊரே பாக்கும்!"

"பாக்கட்டுமே."

"பஸ் பயணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாக்க வைக்கோல்தான் இருக்கும். இருக்கிறதுலயே பெரிய வயல் இதுதான். உன் வாய்க்கு இதப் பலி கொடுக்கச் சொல்றியா?"

மெர்வின் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் என் தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தேன். நல்ல கேக்.

பயணத்தன்று மேகமூட்டம். காற்றே இல்லை. மெர்வின் பளபளக்கும் காலணியோடு முன்சீட்டில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தார். "அடுத்த திருப்பத்துல வலது பக்கம் பாருங்க. ஒரே தெளிப்புல..."

திரும்பினோம். வலது பக்கம், இரண்டு பக்கக் குழாய்க் கைகளையும் அகல விரித்தபடி தெளிப்பான் வண்டி வயலில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது எல்வா. தெளிக்கத் தோதான காற்றில்லாத நாளை அவர் விடுவாரா?

பின்சீட்டிலிருந்து டட்லி ட்ரேகரின் குரல்: "ஏன் மெர்வ், முதல் தடவ தூங்கிட்டியா?"

சிரிப்பில் பேருந்தே குலுங்கியது. நிறுத்தாமல் போயிருக்கலாம். அவ்வளவு நல்லவன் இல்லை நான், பிரேக்கை மிதித்தேன்.

எல்வா வேலியோரம் வந்து வண்டிக் கதவைத் திறந்து கத்தினார்: "மெர்வ்! தொட்டி காலி! கேட் பக்கத்துல தண்ணி லாரி நிக்குது, வந்து குழாய மாட்டு!"

மெர்வின் முகத்தில் பொய்கள் வரிசையாக வந்து நின்றன. சோதனை என்று சொல்லலாம். இது வேறு மருந்து என்று சொல்லலாம். ஆனால் எங்கள் ஜன்னல் உயரத்திலிருந்து பார்த்தால் வயலின் வெளுப்பு யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

"எல்லாரும் இறங்குங்க," என்றார். வேலியைத் தாண்டி ஒரு செடியைப் பிடுங்கினார். "ஒண்ணு போதும்னு சொன்னேன். போதல. கீழ பச்சை, மேல வெளுப்பு. நான் தள்ளிப்போடச் சொன்னேன், அவ கேக்கல. நல்ல வேளை."

அந்த மனிதர் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை.

பளபளக்கும் காலணியோடு சேற்றில் ஓடிக் குழாயை மாட்டினார். டட்லிக்கு மனசு ஆறவில்லை. "சக்கரத்தடம் கோணலாப் போகுதே மெர்வ்!"

"கோணலா?" மெர்வின் நிமிர்ந்தார். கூட்டத்தில் கேட்ட அதே முழக்கம். "கண்ணத் தொடச்சிட்டுப் பாருய்யா! ரூல்தடி வச்சு இழுத்த மாதிரி இருக்கு! இந்தச் சரிவுல, இந்தக் கல்லுல, இப்படி ஓட்ட இந்த மாவட்டத்துல வேற யாரு இருக்கா? சொல்லு! ஊரே பாக்குதுன்னு தெரிஞ்சும் ஓட்டினா பாரு, என் பொண்டாட்டி..."

"மெர்வ்," என்றார் எல்வா மேலேயிருந்து. "வால்வத் திற."

திறந்தார்.