ஏழாம் பாத்தியில் மண்டபம்

வாலிநோக்கத்துக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் இருந்த எட்டுக்கால் கல்மண்டபம், ஒன்பதாம் வகுப்பு நாகஜோதி கணினி வரைபடத்தில் அதன் குறியைத் தவறான இடத்தில் வைத்ததால், மறுநாள் காலை உப்பளத்தில் நின்றது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. காட்டில் எட்டுக் குழிகளும் கொஞ்சம் ஆட்டுப் புழுக்கையும் மிச்சமிருந்தன.

அந்த மண்டபத்தில் வருசத்துக்கு இரண்டு நாள், பகலும் இரவும் சமமாகும்போது, உதிக்கிற சூரியனின் வெளிச்சம் நடுத்தூண்களுக்கிடையே புகுந்து பின்சுவரில் வெட்டிய குழியில் விழும். கோகிலா டீச்சர் மண்டபத்தைச் செயற்கைக்கோள் படத்தில் குறிக்கச் சொல்லி, சூரியன் உதிக்கும் இடத்தை வானம் காட்டும் செயலியில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உப்பளத்துப் பிள்ளைகளுக்குத் தூரம் என்றால் பாத்திக் கணக்குதான். ரோட்டிலிருந்து ஏழு பாத்தி என்று நாகஜோதி எண்ணினாள். படம் பழையது, கல் எது முள் எது என்று தெரியாத மங்கல். அதை எடுத்த காலத்தில் பாத்திகள் சின்னவை. ஏழு எண்ணியும் காடு வரவில்லை. குறி உப்பில் விழுந்தது. அவளுடைய அம்மா சோணையம்மாள் உப்பு வாரும் இடத்தில்.

உப்பளத்தில் நிழல் கிடையாது. பதினேழு வருசம் வெள்ளையைப் பார்த்ததில் சோணையம்மாளின் இடது கண் போய்விட்டது. நடுநடுவே நிழலில் உட்காராவிட்டால் வலது கண்ணும் போகும் என்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மண்டபம் வந்த அன்றே அவள் அதற்குள் முந்தானையை விரித்துப் படுத்தாள்.

பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் அலுவலர் காளீஸ்வரன் மூன்றாம் நாள் வந்து அளந்தார். மண்டபம் வந்த வேகத்தில் இரண்டு விரற்கடை தெற்கே திரும்பியிருந்தது. மார்ச் இருபத்தொன்றாம் தேதி வெளிச்சம் குழியில் விழாவிட்டால் நாகஜோதி குறியைக் காட்டுக்கே இழுத்துவிட வேண்டும் என்றார்.

"ஒரு துண்டு நெழலு வந்தா அதுக்கும் ஆப்பீசரு வந்துருவீகளோ?" என்றாள் சோணையம்மாள்.

நாகஜோதி செயலியில் பதினொரு தடவை பார்த்தாள். வெளிச்சம் விழாது.

"விழாதும்மா. ரெண்டு விரக்கடை தள்ளிப் போகுது."

"சூரியன் வாரப்ப வாரட்டும்த்தா. நீ போனை மூடு."

இருபத்தொன்றாம் தேதி விடியற்காலை ஊரே வரப்புகளில் நின்றது. செயலி சொன்ன இடத்திலேயே சிவப்பு விளிம்பு எட்டிப்பார்த்தது. பிறகு நின்றது. கரையிலிருந்து தள்ளிவிட்ட வள்ளம்போல, அடிவானத்தோடு ஒட்டித் தெற்கே இரண்டு விரற்கடை நகர்ந்து, அங்கிருந்து ஏறியது. பாத்தி பாத்தியாக உப்பு சிவந்துகொண்டே வந்தது. வெளிச்சம் தூண்களுக்கிடையே புகுந்து, குழியில் இறங்கி, அங்கேயே இருந்தது. உப்பு வாரும் பலகைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. யாரும் கும்பிடக்கூட இல்லை, கை எழவில்லை.

கடைசியில் சோணையம்மாள்தான் பேசினாள். "என்ன சார், எழுதிக்கிட்டீகளா?"

"சூரியன் நகந்ததுக்கு ஃபாரம் இல்லம்மா," என்றார் காளீஸ்வரன். மண்டபத்தின் அமைவிடம் சரி என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு நாட்களும் வாலிநோக்கத்தில் சூரியன் அப்படித்தான் உதிக்கிறது. பக்கத்து ஊர்களில்கூட ஒரு மாற்றமும் இல்லை. பதினொரு மணிக்கு உப்பளத்துப் பெண்கள் மண்டபத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். சோணையம்மாள் வலது கண்ணால் இன்னும் ஊசி கோக்கிறாள். கோகிலா டீச்சர் அடுத்த வருசப் பிள்ளைகளுக்குச் சூரிய உதயப் பாடம் நடத்தி முடித்துவிட்டு, நம்மூருக்கு மட்டும் இரண்டு விரற்கடை கூட்டிக்கொள்ளவும் என்று கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.