எண்பது டிகிரிக்கு மேல் சொரணை

கிராபிக்ஸ் கார்டுக்கு எண்பது டிகிரி வரைக்கும் சூடு மட்டும்தான் இருக்கும். அதைத் தாண்டினால் சொரணையும் வந்துவிடும். அப்புறம் அது சொன்ன வேலையைச் செய்யாது. கோபித்துக்கொண்டு தன் அட்டைப்பெட்டிக்கே போய்விடும். போடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ரேணுகாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பயம்.

ரேணுகா கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் முடித்துக் கொடுத்தவள், நாத்தனார் சந்திரமதியின் கல்யாண வீடியோவை மட்டும் நம் வீட்டு வேலைதானே என்று இன்றைக்கு நாளைக்கு என இழுத்துவிட்டாள். இப்போது சந்திரமதிக்கு வளைகாப்பே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டு, திரை கட்டி, அந்த வீடியோவைக் காட்டுவதாக மாமியார் பவுன்தாய் சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள். காட்டாவிட்டால் ரேணுகாவின் மானம் கப்பலேறும். கார்டோ ஆடி அசைந்து தேர் மாதிரி வேலை பார்த்தது. இந்த லட்சணத்தில் போனால் பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் வீடியோ வரும். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓவர்க்ளாக் என்பார்கள். அவள் அதுவரை மிக்சியைக்கூட மூன்றில் வைத்ததில்லை.

கார்டு விற்ற இம்மானுவேலுக்குப் போன் போட்டாள். வெடித்துவிடுமா, வாரண்டி போய்விடுமா, வீட்டு ஃபியூஸ் தாங்குமா என்று அடுக்கினாள். அவர் நிதானமான மனிதர். ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், கொஞ்சம் ஏற்றி ஓடவிட்டுப் பாருங்கள், திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தால் முகம் சுளிக்கிறது என்று அர்த்தம், உடனே இறக்கிவிடுங்கள் என்றார்.

"வோல்டேஜை மட்டும் தொடாதீங்க மேடம். அது அதோட மானத்துல கை வைக்கிற மாதிரி. ஃபேன் சுத்துற வரைக்கும் பயமில்ல."

ரேணுகா அப்படியே செய்தாள். ஏற்றினாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி ஏற்றினாள். எழுபத்தெட்டு டிகிரியில் கார்டு சமர்த்தாக ஓடியது. தாலி கட்டுவது வரை வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்துக் காபி கொண்டுவந்த பவுன்தாய், நல்ல எண்ணத்தில்தான், வாயைத் திறந்தாள்.

"எதிர்வீட்டு கார்டா இருந்தா இந்நேரம் பந்தியே முடிஞ்சிருக்கும்."

ஒப்பிட்டுப் பேசினால் யாருக்குத்தான் ஏறாது? எண்பத்திரண்டு காட்டியது. கார்டு தன் ஒயரைத் தானே கழற்றிவிட்டு, மேசையிலிருந்து இறங்கி, ஏணி வழியாகப் பரண் ஏறி, பெட்டிக்குள் போய் மூடிக்கொண்டது. பவுன்தாய் தன் வாயில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள். ரேணுகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கோபித்துப் போனவரை அழைக்க முறை இருக்கிறது. ரேணுகாவின் புருஷன் வீரணன் தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் கிண்ணத்தில் சந்தனமும் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான், பெட்டி அசையவில்லை. அம்மா பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான், அதற்கும் அசையவில்லை.

"நீ எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரிடா. தங்கச்சி விசேஷத்தை நீதான் முன்ன நின்னு நடத்தணும்" என்றான் கடைசியில்.

மூடி திறந்தது. சந்தனம் பூசியதும் சூடு மளமளவென்று இறங்கியது. அதன் பிறகு கார்டு ஓடிய ஓட்டத்தை ரேணுகா தன் ஆயுளில் பார்த்ததில்லை. சொச்சக் கல்யாணத்தை மட்டுமல்ல, அதற்கு அப்பாலும் ஓடி முடித்துவிட்டுத்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறையக் கூட்டம். திரையில் கல்யாணம் முடிந்தது, பந்தி முடிந்தது, வளைகாப்பும் முடிந்தது. பெண் குழந்தை பிறந்தது. சந்திரமதியின் சாயல் என்று சம்பந்தியம்மாள் பூரித்துப்போனாள். ரேணுகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து காதுகுத்து. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் அல்லவா? திரையில் குழந்தை கார்டின் மடியில் உட்கார்ந்திருந்தது. கார்டு பட்டுத்துண்டு போட்டு, சந்தனம் பூசிக்கொண்டு, ஜம்மென்று இருந்தது. வீரணனை எங்கும் காணோம்.

கூடப்பிறந்தவன் என்றால் அதுவும் மாமன்தானே என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். வீரணனுக்கு முகம் சிவந்தது. எழுந்து வீட்டுக்குள் போனான், பரண் ஏறினான், காலியாகக் கிடந்த பெட்டிக்குள் போய் மூடிக்கொண்டான். காதுகுத்தில் அவனை ஏன் காணவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. சம்பந்தி இலை போடச் சொன்னார்.

ரேணுகா கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்துக்கொண்டு ஏணியடியில் நின்று இம்மானுவேலுக்குப் போன் போட்டாள். அவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஃபேன் சுத்துதா மேடம்?"

அவள் மேலே ஏறிப் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே புஸ்புஸ்ஸென்று மூச்சு கேட்டது.

"சுத்துது."

"அப்ப பயமில்ல. வோல்டேஜை மட்டும் தொடாதீங்க."