பங்காளிக் கிருமி

தையல்காரம்மாவின் முழங்கால் தேய்ந்து போயிருந்தது. புது மூட்டு வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. ஆனால் அவர் மூக்கில் ஒரு கிருமி குடியேறியிருந்தது. சாதாரண மருந்துக்கெல்லாம் அசைந்து கொடுக்காத கிருமி. அது மூட்டுக்குள் இறங்கினால் காலே போய்விடும், மூக்கு சுத்தமானால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் ஒரே பிடியாக நின்றார். களிம்பு போட்டால் போகும். ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நானும் துரையும்."

"துரை உங்க மகனா?"

"பூனை, டாக்டர்."

கிருமி அதனிடமிருந்துகூடத் தொற்றலாம், பூனையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். "அப்ப இந்தக் காலே இருந்துட்டுப் போகட்டும்" என்று எழுந்து, விந்தி விந்தி வந்துவிட்டார் நம் தையல்காரம்மா. அவ்வளவு ரோஷம்!

நல்லவேளை, ஆஸ்பத்திரி ஆய்வகத்துப் பெண் விடவில்லை. கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது அவள் வேலை. வீடு தேடி வந்து, கையெல்லாம் பிறாண்டல் வாங்கிக்கொண்டு, துரையின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துப்போனாள். துரையிடமும் அதே கிருமிதான். இருவருக்கும் சேர்த்து வைத்தியம் நடந்தது. இருவரும் சுத்தம். அப்பாடா என்று மூச்சு விட்டால், கொஞ்ச நாளில் இருவரிடமும் திரும்ப வந்துவிட்டது.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"அம்மா, இப்ப வந்திருக்கிறது உங்க பழைய கிருமியோட பிள்ளை இல்ல. பங்காளி. ரெண்டுக்கும் தாத்தா ஒண்ணுதான். ஆனா இது வேற யார் உடம்புலயோ ரொம்ப நாள் தனியா வளர்ந்திருக்கு. துரை வேற வீட்டுக்குப் போய் வருதா?"

தையல்காரம்மா கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். தெரியாதா என்ன? வீட்டில் வைத்த சோற்றை முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பூனை எப்படி இப்படி உருண்டு திரண்டிருக்கும்! குழாயைப் பிடித்து ஏறி மேல்மாடிக்குத்தான் போகிறது. மேல்மாடியில் இருப்பது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தங்கை.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற அக்கா கீழ்வீட்டில் இருக்க, தங்கை தன் மகள் கல்யாணத்துக்குக் கடையில் ரெடிமேட் துணி வாங்கிவிட்டாள். அவ்வளவுதான் சண்டை. சிரிக்காதீர்கள். தையல்காரிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி. அன்றிலிருந்து படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேறு வழியில்லாமல் தையல்காரம்மா இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"எல்லாருக்கும் ஒரே சமயத்துல மருந்து கொடுத்தாத்தான் போகும். நான் போய்ப் பேசட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"நீ போனா, பூனையையே பார்த்ததில்லைன்னு சாதிப்பா. அவளை எனக்குத் தெரியாதா? நானே போறேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. தங்கை பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தில் கட்டுப் போட்டிருந்தாள். ஏறும்போது கோத்து வைத்த பேச்சு அத்தனையும் அக்காவுக்கு மறந்துபோயிற்று.

"என்னடி இது கழுத்துல?"

"கட்டி. ஒண்ணு ஆறினா இன்னொண்ணு வருது. போன வருஷத்துலேர்ந்தே இப்படித்தான். காய்ச்சல் வேற அனலா அடிக்கும்."

"மககிட்ட சொன்னியா?"

"அவ எங்கேயோ தூரத்துல இருக்கா. பயந்துடுவா."

"அப்ப யாருடி உன்னைப் பார்த்துக்கிட்டது?"

தங்கை முகவாயால் உள்ளே காட்டினாள். துரை அவள் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. "காய்ச்சல் வந்தா இவன் என் வயித்தோட ஒட்டிக்குவான். நகரவே மாட்டான்."

துரை வீடு திரும்பாத அந்த ராத்திரிகளில் கீழே நின்று, நன்றி கெட்ட ஜென்மம் என்று பூனையைத் திட்டிக்கொண்டிருந்தார் அக்கா. தலைக்கு மேலேயே தங்கை அனாதையாகக் கிடந்திருக்கிறாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியாக்கா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "வந்திருக்க மாட்டேன்டி" என்றார். கண்ணில் நீர் கொட்டியது.

"நானும் கதவைத் திறந்திருக்க மாட்டேன்" என்றாள் தங்கை. அழுகையும் சிரிப்புமாக இருவருக்கும் மூக்கு ஒழுகியது. கிருமிக்கு அன்று கொண்டாட்டம்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "உன் கட்டிக்கும் அந்தக் கிருமிதான் காரணமா இருக்கும். நீ, நான், துரை மூணு பேரும் ஒண்ணா மருந்து போடணுமாம். தினமும் காலையில, ராத்திரியில. நான் ஒரு தடவை இறங்கினா இந்தக் காலை வச்சுக்கிட்டு மறுபடி ஏற முடியாதுடி."

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உன்னை யாரு இறங்கச் சொன்னா?"